வேப்பிலையை அவிழ்த்துவிட்டோம், வாருங்கள்

கூலாய்
செவ்வாய்க்கிழமை காலை தொடங்கியது

லாபிஸில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி சாம்பசிவம் ஐயா அவர்களுக்கு, கூலாய் வீராசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டில் அம்மாவும் மாப்பிள்ளை ரூபேந்திரனும் நோய்நொடி இல்லாமல் இருக்கச் சாமியை வேண்டிக்கொண்டேன். இங்கே நாங்களும் நலம். நலம் என்ற இந்தச் சொல்லைச் சும்மா ஒப்புக்கு எழுதவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அதற்கு முன்னால் என் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். நாற்பது வருஷம் எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டின கை இது. போன வருஷம் வரை கையெழுத்து கேட்ட இடத்திலெல்லாம் கட்டைவிரலை மையில் தோய்த்தவன் நான். கோயில் மண்டபத்தில் பிரேமலா டீச்சர் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். அங்கே படித்துத்தான் இப்படி எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் ‘ழ’ போடும்போது பேனா வளைந்து இறங்குகிற சுகம் இருக்கிறதே, அது சாப்பாட்டில்கூட இல்லை. போனில் பேசலாமே என்பீர்கள். போன் எடுத்தால் என் மனைவி வெள்ளையம்மா வாங்கிக்கொள்வாள். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக் காளியம்மா உங்கள் வீட்டுக்குப் போன் செய்ததும், ஞாயிற்றுக்கிழமை பரிசம் வேண்டாம், ஆடி முடியட்டும் என்று நீங்கள் சொன்னதும், அதைக் கேட்டு மணப்பெண்ணான என் பேத்தி தேன்மொழி சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதும் எனக்குத் தெரியும். ஐயா, அது அம்மை இல்லை. அது என் தலைமுடிச் சாயம்.

நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று எடுத்த போட்டோவைப் பாருங்கள். நீங்கள் என்னைவிட ஒரு வயது மூத்தவர். ஆனால் உங்கள் தலை கருகருவென்று இருந்தது. பக்கத்தில் நான் உங்கள் அப்பா மாதிரி நின்றேன். அதனால் கடையில் சாயப் பொட்டலம் வாங்கி, தலைக்கும் மீசைக்கும் பூசினேன். ஒன்றும் ஆகவில்லை. வகுப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வேரில் வெள்ளை எட்டிப் பார்த்ததும், பரிசம் வருகிறதே என்று மறுபடி பூசினேன். இரண்டாம் நாள் காது மடலில் ஊறல், அப்புறம் நெற்றி, பிடரி, மேலுதடு. விடிந்து பார்த்தால் தடித்துத் தடித்துச் சிவந்து, கண் இமை வீங்கி, கண்ணாடியில் வேறு ஆள். முதல் தடவை பூசியபோது ஒன்றும் ஆகாததால் சாயத்தின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

வெள்ளையம்மா, காரமான இறால் சம்பல் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள், இறாலை நிறுத்தினாள். அப்புறம் முட்டை, கத்திரிக்காய், கருவாடு என்று எனக்குப் பிடித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக நிறுத்தினாள். தலைவலித் தைலத்தைத் தேய்த்தாள், நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. எரிச்சல் அடங்க மஞ்சளை அரைத்துப் பூசினாள், அதற்கு மேல் வேப்பிலை அரைத்துப் பூசினாள். கறுப்புத் தலையும் சிவப்பு முகமும் அதில் மஞ்சளும் பச்சையுமாக நான் வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் காளியம்மா உள்ளே வந்தார். வந்தவர் கையில் இருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அடியே வெள்ள, ஆத்தா முத்து போட்டிருக்காடி! இதப் போயி சம்பலுன்னு சொல்லிக்கிட்டு இருக்கியே, வாயக் கழுவு!”

அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது. அடுப்பில் தாளிக்கக் கூடாது, விருந்தாளி வரக் கூடாது, டாக்டரிடம் போகக் கூடாது. என்னை வேப்பிலை மேல் படுக்க வைத்து மோர் கொடுத்தார்கள். ஊறல் தாங்காமல் சொறிந்தால் கையைப் பிடித்துக்கொண்டார்கள். போதாததற்குக் காளியம்மா கற்பூரம் காட்டி என் முகத்தருகே குனிந்து, “தாயே, ஒரே ஒரு நம்பர் மட்டும் சொல்லும்மா” என்று கேட்டார். எனக்கு எரிச்சல். வாயில் வந்த நாலு இலக்கத்தைச் சொன்னேன். அதை எழுதி லாட்டரியில் பணம் கட்டியும் விட்டார். அந்த நம்பர் விழவில்லை. அன்று சாயங்காலமே, “எனக்கென்னமோ இது அம்மாவான்னு டவுட்டாதான் இருக்கு லா” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். உங்களுக்குப் போன் செய்தவர், இதையும் போன் செய்து சொல்லியிருக்கலாம்.

உண்மையைக் கண்டுபிடித்தது தேன்மொழிதான். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “பாட்டி, அம்மைன்னா உடம்பு முழுக்கல்ல வரணும்? முடி இருக்கிற ஓரமாவே சுத்தி வந்துட்டு, மீசைக்கிட்ட வந்து நின்னுடுச்சே? அதென்ன அம்மை, கோடு போட்டு வருது?” என்றாள். வெள்ளையம்மா திட்டத் திட்ட என்னைக் காரில் ஏற்றி கிளினிக்குக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா மலாய்க்காரப் பெண், சின்ன வயது. சொறிந்துகொண்டிருந்த என் விரலைப் பார்த்ததுமே, “பாக்சிக், ஜாங்ஙான் காரு” என்றார். பெரியவரே, சொறியாதீர்கள் என்கிறார். என்ன பூசினீர்கள் என்று கேட்டார். தைலம், மஞ்சள், வேப்பிலை, விபூதி என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, அதெல்லாம் வந்த பிறகு பூசியது, வருவதற்கு முன்னால் என்ன பூசினீர்கள் என்று கேட்டார். அப்போது தேன்மொழி என் தலையைக் காட்டினாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

அவர் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன், உதவும். இதற்கு அலர்ஜி என்று பெயர். முதல் தடவை உடம்பு அந்தச் சாயத்தைப் பகையாளி என்று குறித்து வைத்துக்கொள்ளுமாம், அடுத்த தடவை சண்டைக்கு வருமாம். சில பேருக்குப் பல வருஷம் பூசின பிறகுகூட வருமாம். ஊறல் அடங்க மாத்திரை கொடுத்தார், மெல்லிசாகத் தடவக் களிம்பு கொடுத்தார். ஈரத் துணியைக் குளிர்ச்சியாக ஒற்றச் சொன்னார். தைலம், மஞ்சள் எல்லாம் புண்ணில் இன்னும் எரிச்சல் ஏற்றும், தொடாதீர்கள் என்றார். மூச்சு முட்டினாலோ நாக்கு வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார். கையில் போடும் கறுப்பு மருதாணியிலும் சாயத்தில் இருக்கும் அதே மருந்து இருக்கலாம் என்றதால், தேன்மொழிக்குப் பரிசத்துக்குச் செடி மருதாணிதான். முக்கியமாக ஒன்றை நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்: இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டவே ஒட்டாது.

மீசையை எடுத்துவிட்டேன், தலையை மெஷினில் ஒட்ட வெட்டிவிட்டேன். வீக்கம் வடிந்துவிட்டது. மிச்சமிருந்த சாயத்தைக் குப்பையில் போடச் சொல்லி வெள்ளையம்மாவிடம் கொடுத்தேன். “இந்த வயசுல கறுப்பு முடி கேக்குதோ கிழவனுக்கு?” என்று இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேப்பிலையை அவிழ்த்தாயிற்று, வீட்டில் தாளிப்பு மணக்கிறது. ஐயா, பிள்ளைகள் இரண்டு பேரும் ஆசைப்பட்டு நிற்கிறார்கள். ஒரு கிழவன் போட்டோவுக்கு ஆசைப்பட்டதற்கு அவர்கள் ஆடி முழுக்கக் காத்திருக்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை தட்டுகளோடு தைரியமாக வாருங்கள். எங்கள் வீட்டில் வேறு ஒருவருக்கும் ஒரு தடிப்புகூட இல்லை.

உங்கள் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும், சிரிப்பும் கூடவே இருக்கட்டும். அம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தானே கையெழுத்துப் போடும்
வீராசாமி

பின்குறிப்பு: நான் எழுதி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. நான் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த நாளிலேயே வெள்ளையம்மா அந்த மிச்சச் சாயத்தைக் குளியலறையில் தன் தலைக்குப் பூசியிருக்கிறாள். போன தடவையும் கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை முன்நெற்றியில் தடவிக்கொண்டவளாம், ஒன்றும் ஆகவில்லையாம். “ஒங்க தோலுதான் மட்டத் தோலு, என் தோலுக்கு என்ன?” என்று சொன்னவளுக்கு இன்று காலை இரண்டு காதும் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. மாத்திரை கொடுத்துக் கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் அதற்குள் காளியம்மா பார்த்துவிட்டார். “ஒட்டாதுன்னு சொன்னீங்களே, இப்ப பொண்டாட்டிக்கும் வந்திருக்கே?” என்று கேட்டுக்கொண்டே வாசலில் மறுபடி வேப்பிலை கட்டுகிறார், நம்பரும் கேட்கிறார். உங்களுக்குப் போன் வருவதற்குள் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும் என்று மகன் மோகனதாஸிடம் கொடுத்து விரட்டுகிறேன். ஐயா, வேப்பிலையைத் தோரணம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுங்கள். போட்டோவில் நான் மொட்டை, அவள் வீங்கின முகம். நடுவில் நீங்கள் எப்படி நின்றாலும் மாப்பிள்ளைக்கு அண்ணன் மாதிரிதான் தெரிவீர்கள்.