ஆர்டிஸ் மிஷின் ஏறுன வருஷம்

காலைக் காப்பியை 'டக்'குன்னு மேசையில வச்சாரு வெர்லின். மூணு சொட்டு சிந்துச்சு. எண்பத்து மூணு வயசுல அவரு பண்ணுன மொத புரட்சி அதுதான்.

"ஆர்டிஸ், நல்லாக் கேட்டுக்கோ. என் உடம்புல உசுரு இருக்கிற வரைக்கும் அறுவடை மிஷின் ஸ்டியரிங்கை வேற ஒரு கை தொடாது. இது என் முடிவு."

"சிந்துனதைத் துடை."

துடைச்சாரு. ஆனா முடிவு முடிவுதான்.

விஷயம் என்னன்னா, ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வர்ற வழியில அவரு பொண்டாட்டி ஆர்டிஸ் கார்லயே அறிவிச்சிட்டாங்க: இந்த வருஷம் மக்காச்சோளத்தை நான்தான் அறுக்கப் போறேன்.

அந்தம்மாவுக்கு எண்பத்தொண்ணு. பத்தொம்பது வயசுல இந்த அயோவா பண்ணைக்கு வாழ வந்தவங்க. ஆறு பிள்ளை. அஞ்சாவதை வயித்துல வச்சுக்கிட்டே சோள வண்டியை டவுனுக்கு ஓட்டுனவங்க. ஒரு பனிக்காலத்துல கன்னுக்குட்டி விறைக்குதுன்னு குளியல் தொட்டியில கொண்டாந்து படுக்கப் போட்டாங்க. வெர்லின் ஒரு வாரம் குளிக்கல. கன்னு தொட்டியை விட்டுப் போன பிறகும் ரெண்டு நாள் குளிக்கல, அது வேற கதை. பதினேழு பேரப்பிள்ளைங்க, ஒம்பது கொள்ளுப்பேரப் பிள்ளைங்க. யாரு எந்த நிலத்தைப் பாக்கணும், யாரு யாரோட சமாதானமாப் போகணும், எல்லாம் அந்தம்மா சொல்றதுதான். பண்ணையில அவங்க ஓட்டாத வண்டி ஒண்ணே ஒண்ணு. அந்த மிஷின். அறுபத்திரண்டு அறுவடையையும் வயல் ஓரத்துல சாப்பாட்டோட நின்னுதான் பாத்திருக்காங்க.

"அது தையல் மிஷின் இல்ல ஆர்டிஸ்."

"தெரியும். தையல் மிஷின்ல தூங்க முடியாது. போன வருஷம் நீ அதுல குறட்டை விட்டே. அதுவாப் போச்சு, அதுவாத் திரும்புச்சு. ஓட்டுறது வானத்துல இருக்கிற செயற்கைக்கோளு. பேரு மட்டும் உனக்கு."

"குறட்டை இல்ல. இன்ஜின் சத்தம்."

"இன்ஜினை அணைச்ச பிறகும் வந்துச்சே?"

அப்பத்தான் வெர்லினுக்கு மூளை திறந்துக்கிச்சு. எப்பவாவதுதான் திறக்கும். திறந்தா ஆபத்து.

"சரி. மிஷின் உனக்கு. சமையக்கட்டு எனக்கு. அறுவடை முடியுற வரைக்கும் வயல் வேலைக்கு வர்ற நம்மாளுங்க பதினாலு பேருக்கும் மதியச் சாப்பாடு நான். நீ நம்ம அடுப்புப் பக்கமே வரக்கூடாது. சம்மதமா?"

சமையக்கட்டை விட்டுக் குடுப்பாளா? செத்தாலும் மாட்டா. அப்படித்தான் அவரு கணக்கு.

அந்தம்மா ஏப்ரனைக் கழட்டி அவரு கழுத்துல மாட்டிவிட்டாங்க. பின்னாடி முடிச்சும் போட்டாங்க. ரெட்டை முடிச்சு.

"இரு இரு," வெர்லின் பதறிட்டாரு. "சாப்பாடு நல்லால்லேன்னு ஒருத்தர் வாயத் திறந்து சொன்னாலும் போதும், அன்னிக்கே ஸ்டியரிங் எனக்கு."

"சரி. நீயா வந்து முடியலேன்னு சொன்னாலும் உனக்குத்தான். போதுமா?"

தாராளமாப் போதும். ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு வெர்லின் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டாரு.

மொத நாள். எலுமிச்சை ஜெல்லி, பச்சைப் பசேல்னு. அதுக்குள்ள டப்பா மத்தி மீனு. குளத்துல நீந்துற மாதிரி வரிசையா அடுக்கி வச்சிருந்தாரு. பக்கத்துல கரிக்கட்டை. அதாவது உருளைக்கிழங்கு.

மூத்த மகன் டுவைன் ஒரு வாய் வச்சான். அம்பத்தெட்டு வயசு ஆளு. தொண்டை ஏறுச்சு, எறங்குச்சு, கண்ணுல தண்ணி.

"எப்படிடா இருக்கு?"

"வித்தியாசமா இருக்குப்பா."

"நல்லால்லேன்னா தைரியமாச் சொல்லு!"

"சேச்சே. மீன் நல்லா மினுங்குது."

வெர்லின் கோட்டை விட்டது இங்கதான். பிறந்து வளந்த ஊரையே மறந்துட்டாரு. எங்க பக்கத்துல கூரை பத்தி எரிஞ்சாலும் "கொஞ்சம் கதகதப்பா இருக்கு"ம்பாங்களே தவிர, ஒருத்தர் போட்ட சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டாங்க. கல்லைப் போட்டாலும் நல்லா வெந்திருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போற ஜனம்.

ரெண்டாம் நாள் டூனா மீனும் நூடுல்ஸும் போட்டு அடுப்புல சுட்டாரு. மூணு மணி நேரம். வெட்ட ரம்பம் வேணும்.

மருமக ஜோலீன் சொல்றா: "மாமா, இதை எப்படிச் செஞ்சீங்கன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்களேன்."

"நெசமாவா?"

"ஆமா மாமா. இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல."

அவ சொன்னதுல ஒரு எழுத்து பொய் இல்ல.

நாலாம் நாள் உப்பை அள்ளிக் கொட்டுன ரொட்டி. ஆறாம் நாள் மாட்டிறைச்சிக் கட்டியில திராட்சை, பெப்பர்மின்ட். ஒருத்தரும் முணுக்குன்னு சொல்லல. ஆளுக்கு ரெண்டு கரண்டி எடுப்பாங்க. "மழை வர்றதுக்குள்ள அறுக்கணும்"னு வயலுக்கு ஓடிடுவாங்க. மிச்சம்? அந்த வீட்டுல சாப்பாட்டைக் கொட்டக்கூடாது. அது ஆர்டிஸ் போட்ட சட்டம், அறுபத்திரண்டு வருஷச் சட்டம். பதினாலு பேரு மிச்சத்தையும் வெர்லினே தின்னாரு.

தின்னது ஒண்ணும் உடம்புல ஒட்டல; ரெண்டு வாரத்துல மனுஷன் பாதியாயிட்டாரு. தோள் வார் இல்லேன்னா கால்சட்டை தரையில. ஆனா மத்தவங்க எல்லாம் கன்னம் உப்பி, கலகலன்னு திரியுறாங்க. கொள்ளுப்பேத்தி பொடிசு பிரிட்டாலேருந்து டுவைன் வரைக்கும் மதியமானா ஒரே பாட்டு: "நானும் மிஷின்ல ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்." பாவம், மிஷின் மேல அவ்வளவு ஆசைன்னு வெர்லின் நினைச்சுக்கிட்டாரு.

பதினெட்டாம் நாள், தன்னோட ஜெல்லியே தன்னை மொறைக்குதுன்னு தோணுச்சு அவருக்கு. ஏப்ரனோட டிரக்குல ஏறி வயலுக்கு விட்டாரு.

மிஷின் ஓரமா நிக்குது. ஏணியில குடும்பமே வரிசை கட்டி நிக்குது. கையில தட்டு. காத்துல பொரிச்ச கோழி வாசனை.

"நகருங்கடா!" தட்டுத் தடுமாறி மேல ஏறுனாரு. கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஆர்டிஸ், ராணி மாதிரி. பக்கத்துச் சீட்டுக்கு அடியில இருக்கிற குளிர்பெட்டி திறந்து கெடக்கு. கோழி, மசிச்ச கிழங்கு, ஆப்பிள் பை.

"அடிப்பாவி! அடுப்புப் பக்கம் வரக்கூடாதுன்னு சொன்னேனே!"

"நம்ம அடுப்புன்னு சொன்னே. இது டுவைன் வீட்டு அடுப்பு."

"அப்ப இவங்கெல்லாம் என் சாப்பாட்டை..."

"வித்தியாசமா இருக்குன்னாங்க."

வெர்லின் கோழியைப் பாத்தாரு. கோழி வெர்லினைப் பாத்துச்சு. மானம் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். வயிறுதான் பெருசு, இளைச்ச பிறகும்.

"முடியல ஆர்டிஸ்."

"என்ன? சத்தமா."

"முடியலடீ!"

"பேச்சு பேச்சுதான். ஸ்டியரிங் உனக்கு. உக்காந்து சாப்பிடு, இந்த வரிசையை மட்டும் முடிச்சுத் தர்றேன்."

இவ்வளவு லேசாவா! வெர்லின் கோழிக்காலைக் கடிச்சாரு. ரெண்டு, மூணு. மிஷின் சோளத்தை மென்னுச்சு, இவரு கோழியை மென்னாரு. உலகத்துலயே ஜெயிச்ச ஒரே புருஷன் தான்தான்னு நெஞ்சு நிமுந்துச்சு. மிஷின் நின்னுச்சு. அந்தம்மா எந்திரிச்சு சீட்டை விட்டுக் குடுத்தாங்க. வெர்லின் உக்காந்தாரு. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் புடிச்சாரு. நிமுந்து கண்ணாடி வழியாப் பாத்தாரு.

எங்க பாத்தாலும் வெட்டுன சோளத் தாளு.

"ஆர்டிஸ், அந்த ஆத்தங்கரை நாப்பது ஏக்கரு?"

"நேத்து முடிச்சேன்."

"கீழ்க்காடு?"

"செவ்வாக்கிழமை. நீ திராட்சை பொறுக்கிக்கிட்டு இருந்தே."

கீழ ஹாரன் சத்தம், விசில், கைத்தட்டு. "இவ்வளவு வெரசா எந்த வருஷமும் முடிஞ்சதில்லம்மா!"ன்னு டுவைன் தொப்பியைத் தூக்கி வீசுறான். அந்தம்மா ஏணி உச்சியில நின்னு, தேர்தல்ல ஜெயிச்ச மாதிரி ரெண்டு கையையும் தூக்குனாங்க. அப்புறம் நிதானமா ரெண்டு படி இறங்கி, தலையை மட்டும் உள்ள நீட்டுனாங்க.

"பாத்து ஓட்டு வெர்லின். கீறல் விழாமக் கொண்டு போய் ஷெட்டுல விடு. அடுத்த வருஷம் எனக்கு வேணும்."