ஐந்து ஒன்பதுகளும் தங்கச்சியின் எழுத்தும்

எனக்கொரு வருத்தம் இருக்கிறது. மருந்தில்லாத வருத்தம். ‘இப்பிடிச் செய்தால் என்ன நடக்கும்’ என்று ஒரு கேள்வி தலைக்குள் புகுந்துவிட்டால், அதைப் பார்த்து முடிக்குமட்டும் எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயதில் ரேடியோவைக் கழற்றினேன். கொஞ்சம் வளர்ந்து சுவர் மணிக்கூட்டைக் கழற்றினேன். (அதன்பிறகு அது பேசவுமில்லை, இது ஓடவுமில்லை.) ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளின் மீற்றரைப் பார்க்கப்போய், சொந்தத் தங்கச்சியின் கலியாணத்தையே கழற்றப் பார்த்தேனே, அதுதான் என் சாதனைகளில் பெரிது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யப்பான் வண்டி. என்னிடம் வரும்போதே நடுத்தர வயது. தங்கச்சி சாந்திக்கு ஓடப் பழக்கினதும் இதில்தான். ஒயிலைக் கறுக்க விடமாட்டேன். காபரேற்றரை என் பல்லைவிட ஒழுங்காகத் துப்புரவு செய்வேன். பிஸ்டன் றிங் இரண்டு தரம் மாற்றியாயிற்று. கிளச் பிளேற் எத்தனை என்று கேட்காதீர்கள். மீற்றர் கேபிள் அறுந்தால் அன்றைக்கே புதுக் கேபிள். எங்கள் பக்கத்தில் வண்டியை விற்க நினைக்கிறவர்கள் கேபிளைக் கழற்றிவிட்டு ஓடுவார்கள். வண்டிக்கு வயதே ஏறாது. நான் அப்படியில்லை. என் வண்டி ஓடின ஒவ்வொரு கிலோமீற்றரும் கணக்கில் இருக்கவேண்டும். திருகோணமலை ரவுணில் என்னைக் காண்கிறவர்கள் என் சுகத்தை விசாரிப்பதில்லை. “இன்னும் ஓடுதோ?” என்றுதான் கேட்பார்கள். “ஓம், ஓடுது” என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அந்த மீற்றரில் ஐந்தே ஐந்து எண்கள். பக்கத்தில் சிவப்பாய் இன்னொன்று, கிலோமீற்றரைப் பத்தாய்ப் பிரித்துக் காட்டுவதற்கு. 99,000 தாண்டினதும் எனக்கு வருத்தம் தொடங்கிவிட்டது. ஐந்து ஒன்பதுக்குப் பிறகு பூச்சியம் வரும், சரி. எப்படி வரும்? ஐந்தும் ஒன்றாய்ப் பிரளுமா, ஒன்றன்பின் ஒன்றாகவா? இல்லை, ஆறாவது எண்ணுக்கு இடமில்லாமல் இறுகி நின்றுவிடுமா? கராஜ்காரரைக் கேட்டேன்.

“இவ்வளவு தூரம் ஒருத்தனும் கேபிள் பூட்டி ஓடினதில்லை அண்ணை. எனக்கெப்பிடித் தெரியும்?” என்றார்.

இந்த நேரம் பார்த்துத்தான் சாந்திக்கு எழுத்து வைத்தார்கள். எழுத்து என்றால் கலியாணப் பதிவு. தாலி பிறகு, கோயிலில். மாப்பிள்ளை ரவி, ஊர் ஈச்சிலம்பற்று. தங்கமான பொடியன், கதை குறைவு. அவரை வளர்த்த பெரியம்மாவுக்குத்தான் கதை கூட. நேரம், சகுனம் என்றால் அவவுக்கு உயிர். சாந்திக்கு முதலில் பேசின சம்பந்தம் ஒன்று கடைசி நேரத்தில் குழம்பியிருந்தது. (அதில் எனக்குப் பங்கில்லை, சத்தியமாய்.) அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து பெரியம்மா அரைமனதோடுதான் நின்றா.

“ராகுகாலத்துக்கு முன்னம் கையெழுத்து விழவேணும். பிந்தினா நாங்கள் பிடிச்சு வந்த வானிலேயே திரும்பிப் போயிடுவம்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டா.

றெஜிஸ்ரார் ஐயாவின் வீடு சீனன்குடாவில். அவரை ஏற்றிவருவது என் பொறுப்பு. சாந்தி வாசலில் வந்து மறித்தாள்.

“அண்ணா, ஓட்டோ பிடிச்சுப் போங்கோவன்.”

“என்ர வண்டி நிக்கேக்க ஓட்டோவோ?”

“மீற்றர் எவ்வளவில நிக்குது?”

“எனக்கென்ன தெரியும்!” என்றேன். (99,978. என் அடையாள அட்டை இலக்கம்கூட எனக்கு அவ்வளவு பாடமில்லை.)

“ஒண்டையும் குழப்பிப்போடாதேங்கோ அண்ணா. எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு” என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கண்டும் நான் திறப்பைப் போட்டு வண்டியை உதைத்தேன்.

என் கணக்கு இதுதான். சீனன்குடா போய்த் திரும்ப, வீட்டு வாசலில் வைத்துச் சரியாய்ப் பூச்சியம் வரும். எழுத்துக்கு வந்த சனம் முழுக்கப் பார்க்கும். அதற்காகவே ஒரு கிழமை வண்டியைத் தொடாமல் பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்தேன். செயின் தொய்ந்துபோய்க் கவரில் ‘சடார் சடார்’ என்று அடித்துக்கொண்டிருந்தது. மாற்றவேண்டும்தான். ஆனால் கராஜுக்குப் போய்வந்தால் அருமந்த கிலோமீற்றர் வீணாய்ப் போய்விடும் அல்லவா? இத்தனை வருடமாய் வண்டியைப் பிள்ளை மாதிரிப் பார்த்தவன், வயதுபோன நேரத்தில் அதைக் கைவிட்டது மீற்றருக்காக.

றெஜிஸ்ரார் ஐயாவுக்குப் பெரிய உடம்பு. சிரித்து ஒருத்தரும் கண்டதில்லை. பதிவுப் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். வண்டி ஒருதரம் முனகியது. குடாவைச் சுற்றிக்கொண்டு ரவுணுக்குள் வந்தோம். எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் சந்தியில் மீற்றரைப் பார்த்தேன். 99,997. என் கணக்கு பிசகிவிட்டது. இப்போது திரும்பினால் வீடு வந்துவிடும், பூச்சியம் வராது.

நான் திருப்பவில்லை. கை தன்பாட்டில் கடற்கரை வீதிப் பக்கம் திருப்பிவிட்டது.

“தம்பி, எழுத்து கடலுக்குள்ளேயோ?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

உண்மையைச் சொன்னேன். இறங்கி நடக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் தோளுக்கு மேலால் ஒரு மூக்குக்கண்ணாடி எட்டிப் பார்த்தது.

“எல்லா ஒன்பதும் ஒண்டா மாறுமோ, தம்பி?”

“அதுதான் ஐயா ஒருத்தருக்கும் தெரியேல்லை.”

“அப்ப மெதுவாப் போம். வெயிலுக்கு எனக்கு வடிவாத் தெரியேல்லை.”

99,999 வந்தது. சிவப்பு எண் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றபோது, கீழே ‘கடக்’ என்றொரு சத்தம். செயின் கழன்று பின்சில்லுக்குள் சிக்கிவிட்டது. வண்டி அசையாது. பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த, எங்கள் ரவுணில் மாடுபோலத் திரிகிற மான்கள் இரண்டு தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தன.

அந்த இடத்தில் ஒரு புத்தியுள்ளவன் ஓட்டோவை மறித்திருப்பான். ஓட்டோ ஒன்று வந்தது, போனது. நான் மறிக்கவில்லை. வண்டியை இங்கே விட்டுவிட்டுப் போனால் கராஜ் ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள், முன்சில்லு உருளும், நான் இல்லாத நேரத்தில் பூச்சியம் வந்துபோய்விடும். அந்த நினைப்பையே என்னால் தாங்க ஏலாமல் இருந்தது.

“ஐயா, மீற்றர் முன்சில்லில இருந்துதான் ஓடுது. சில்லைத் தூக்கிக் கையால சுத்தினாலும் ஓடும்” என்றேன்.

“எப்பிடித் தூக்குறது?”

“நீங்கள் பின்னுக்கு இருந்தால் காணும், முன்சில்லு தானா எழும்பும்.”

நடு ஸ்டாண்டில் ஏற்றினேன். ஐயா பையோடு சீற்றின் கடைசியில் போய் இருந்தார். முன்சில்லு அந்தரத்தில் எழும்பியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் நின்று சில்லைச் சுற்றினேன். எவ்வளவு சுற்றியும் சிவப்பு எண் நோகாமல்தான் நகர்ந்தது. ஐயாவோ பார்க்கிற ஆசையில் முன்னுக்குச் சாய்வார். உடனே சில்லு நிலத்தில் குந்திவிடும்.

“பின்னுக்கு இருங்கோ ஐயா!”

“எனக்குத் தெரியேல்லைத் தம்பி!”

இதற்குள் போன் அடித்தது. சாந்தி.

“எங்க நிக்கிறியள்?”

“கடற்கரை வீதியில. கிட்ட வந்திட்டம்.”

“அதென்ன கிறுகிறு எண்டு சத்தம்?”

“சில்லு… சுத்துற சத்தம்.”

“அட கடவுளே, மீற்றரோ!” என்று கேட்டது, லைன் அறுந்தது.

கொஞ்ச நேரத்தில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டோடு இறங்கினது ஆர்? மாப்பிள்ளை ரவி! அவள்தான் அனுப்பியிருக்கிறாள். அவர் கண்ட காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அசையாத வண்டியில் சவாரி செய்யும் றெஜிஸ்ரார். முன்சில்லுக்கு முன்னால் முழங்காலில் வருங்கால மச்சான். எழுத்து குழம்பிவிட்டது, இனிப் பெரியம்மாவின் வான்தான் என்று நினைத்தேன்.

ரவி கிட்ட வந்தார். குனிந்தார்.

“எவ்வளவில நிக்குது, மச்சான்?”

“தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. சிவப்பு ஒன்பது.”

“ஐயா, நீங்கள் இறங்கி முன்னால வாங்கோ. நான் அமத்திப் பிடிக்கிறன்” என்றவர், செயின் கிறீஸ் ஊறிப்போயிருந்த பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமத்தினார்.

ஐயாவும் அதே கிறீஸைப் பிடித்துக்கொண்டு இறங்கி முன்னால் வந்தார். நான் சுற்றினேன். ஐந்து ஒன்பதும் ஒன்றாய், நித்திரையால் எழும்புகிற ஆட்கள் மாதிரிச் சோம்பலாய் மேலே ஏறின. பாதியில் ஒருதரம் தயங்கின. பிறகு ஐந்து பூச்சியமும் வரிசையாய் வந்து இருந்தன. றெஜிஸ்ரார் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். மனிசன் சிரித்துக்கொண்டு நின்றார்!

ரவி வந்த ஓட்டோவில் வீட்டுக்குப் போய்ச் சேர ராகுகாலம் தொடங்கிவிட்டது. பெரியம்மா கைப்பையோடு வாசலில் நின்றா.

“பெரியம்மா, நான்தான் சுணங்கினனான். மீற்றர் பாத்துக்கொண்டு நிண்டிட்டன்” என்றார் ரவி.

“நல்ல நேரம் போயிட்டுது. எழும்புங்கோ எல்லாரும், போவம்.”

சனம் முழுக்க என்னைப் பார்த்தது. எனக்கு நிலம் பிளக்காதோ என்றிருந்தது. சாந்தி அறைக்குள்ளிருந்து வந்தாள். என் கையைப் பார்த்தாள், கறுப்பு. ஐயாவின் கையைப் பார்த்தாள், கறுப்பு. ரவியின் கையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

“ஐயா, புத்தகத்தைத் திறவுங்கோ. பெரியம்மா, இந்த அண்ணனோட இவ்வளவு காலம் இருந்திட்டன். இவரோட இருக்க எனக்கு ஏலாதோ? ராகு வந்து என்ன செய்யப் போகுது?”

யாரோ ‘களுக்’ என்று சிரித்தார்கள். பிறகு வீடே சிரித்தது. பெரியம்மா வாயை இறுக்கிப் பிடித்துப் பார்த்தா, முடியவில்லை. “எல்லாம் விசருகள்” என்றபடி கைப்பையைக் கீழே வைத்தா. பதிவுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்து ஓரத்தில், ஐயாவின் பெருவிரல் அடையாளம் கிறீஸில் இன்றைக்கும் இருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எவர் பிந்தி வந்தாலும், “பூச்சியம் வந்திட்டுதோ?” என்றுதான் கேட்பார்கள். செத்தவீட்டுக்குப் பிந்திப் போனபோதுகூட ஒருதரம் கேட்டார்கள்.

வண்டி இன்னும் ஓடுகிறது. (ஓம், ஓடுது.) செயினை இப்போது நேரத்துக்கு மாற்றிவிடுவேன். போன மாதம் இரண்டாவது சுற்றும் முடியும் தறுவாய்க்கு வந்தது. ரவி ஒவ்வொரு பின்னேரமும் வந்து மீற்றரைப் பார்த்துவிட்டுப் போவார். அந்த நேரம் பார்த்து ரவி, சாந்தியின் மகள் பெரியபிள்ளையானாள், அவளுக்குச் சாமத்தியச் சடங்கு. சாந்தி வந்து கையை நீட்டினாள்.

“திறப்பைத் தாங்கோ. சடங்கு முடியுமட்டும் வண்டி என்ர வீட்டில நிக்கட்டும். ரெண்டு பேரும் கிட்டப் போகப்படாது.”

குற்றவாளிகள் என்ன சொல்ல முடியும்? கொடுத்தேன். மீற்றரில் 99,990. சடங்கு குறித்த நேரத்துக்கு வடிவாய் நடந்து முடிந்தது. அடுத்தநாள் காலை, நானும் ரவியும் போன் கமராவையெல்லாம் துடைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளைகள் மாதிரி வண்டியடிக்குப் போனோம்.

00004.

“சாந்தி!” என்று கத்தினேன். குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு வந்தாள்.

“ஆரடி இதை ஓடினது?”

“எனக்கென்ன தெரியும்!” என்றாள். சட்டை விளிம்பில் கறுப்பாய்க் கிறீஸ்.

ரவி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். “எப்பிடி வந்தது எண்டாவது சொல்லனப்பா” என்று கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். அவள் அகப்பையைத் தட்டிக்கொண்டு குசினிக்குத் திரும்பினாள்.

“றெஜிஸ்ரார் ஐயாவைக் கேளுங்கோ” என்றாள். “இந்தமுறையும் அவர்தான் பின்னுக்கு இருந்தவர்.”