திருக்கண்ணமுதுக்கு எத்தனை எச்?

திருவனந்தபுரத்தில் தம் வாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பூட்டி வைத்த ஒரே மனிதர் எங்கள் பூட்டு சார்தான். சாப்பாட்டு டப்பாவுக்கு ஒரு எண் பூட்டு. மேஜை டிராயருக்கு இரண்டு. குடைக்கும் ஒன்று, மழை வந்தால் அதைத் திறப்பதற்குள் நனைந்துவிடுவார்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பு முழுதும் அவர் பொறுப்பு. பாஸ்வேர்டைத் தாளில் எழுதுவது அவருக்கு மகாபாவம். எதையும் எழுதி, தேதி போட்டு, ஒட்டி வைக்கும் நான் நிரந்தரக் குற்றவாளி.

"ஓய், உம்ம டைரியைவிடப் பெரிய ஓட்டை இந்த ஆபீஸ்ல இல்லை" என்பார்.

ஒரு திங்கட்கிழமை, பாதுகாப்புப் பிரிவைப் பெங்களூருக்கு மாற்றப்போவதாக மேலாளர் சொன்னார். அடுத்த மாதம் ஒரு பொறியியல் கல்லூரி நடத்தும் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் மட்டும் இங்கேயே இருக்கலாம். போட்டியில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு சர்வர். அதைக் காத்துக்கொண்டே அடுத்தவர் சர்வருக்குள் புகுந்து, ஒளித்து வைத்த ஒரு வரியை எடுத்துவர வேண்டும். அந்த வரிக்குப் பெயர் கொடி.

"ஸ்ரீவராகம் வீட்டை விட்டு நான் நகரமாட்டேன். ஜெயிச்சே ஆகணும்" என்றார் பூட்டு சார்.

அணியில் அவர், நான், எங்கள் அலுவலக மலையாளப் பெண் ஷீபா. மறுநாளே பயிற்சி. பூட்டு சார் கரண்ட் ஆபீஸ்காரர் குரலில் போன் செய்து என் பாஸ்வேர்டைக் கேட்டார். சொல்லிவிட்டேன். அடுத்த நிமிடம் நேரில் வந்து நின்றார்.

"கரண்ட்காரனுக்கு எதுக்குங்காணும் பாஸ்வேர்டு?"

அந்த மாதம் நான்கு முறை ஏமாந்தேன், குறித்து வைத்திருக்கிறேன்.

போட்டி காலை பத்துக்குத் தொடங்கியது. ஆங்கில அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை உடைப்பார்கள். எங்கள் சர்வருக்கு அவர் வைத்ததோ, தம் வைணவ வீட்டில் பாயசத்துக்குச் சொல்லும் பெயர்: திருக்கண்ணமுது, ஆங்கில எழுத்தில். பிற்பகல் வரை யாரும் உள்ளே வரவில்லை.

இரண்டு நாற்பதுக்கு ஓர் அணி எங்கள் சர்வரை வெளியிலிருந்தே முடக்கியது. பாஸ்வேர்டு போட்டு மறுபடி இயக்கினால் போதும். பூட்டு சார் அடித்தார். தவறு. மீண்டும் அடித்தார். தவறு. மறுபடி இயக்கும்போது மூன்று முறை தவறினால் சர்வர் அடியோடு பூட்டிக்கொள்ளும். அப்படி அமைத்தவரும் அவரே.

"சாரே, கடைசி 'து'வுல எச் உண்டோ?" என்று கேட்டாள் ஷீபா.

"இருக்கும் போலத்தான் இருக்கு."

"கே ஒண்ணோ, ரெண்டோ?"

"சொன்னா ரெண்டு. அடிச்சப்போ எத்தனைன்னு தெரியலையே, மோளே."

நான் பையைத் திறந்து டைரியை எடுத்தேன். தம் பிறந்த நாளுக்கு அவர் எங்களுக்கெல்லாம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார், ஆங்கில எழுத்தில் தமிழாக: 'ஆத்துல திருக்கண்ணமுது, எல்லாரும் வாங்கோ.' அதை அச்சிட்டு ஒட்டி வைத்திருந்தேன்.

"கை பழகினபடிதான் அடிச்சிருக்கும், சார்" என்று பக்கத்தை நீட்டினேன்.

டைரியை முறைத்தார். என்னை முறைத்தார். பிறகு எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தார். திறந்தது.

எங்களுக்கு மூன்றாம் இடம். பிரிவு இங்கேயே நின்றது.

திங்கட்கிழமை என் மேஜைமேல் ஒரு டப்பா இருந்தது. ஏலக்காய் வாசனை. மேலே எண் பூட்டு.

"நம்பர் என்ன சார்?"

"எழுதிக்கமாட்டீரே?" என்று கேட்டுவிட்டு, குனிந்து காதில் சொன்னார்.

இத்தனை ஆண்டு டைரிகளில் நான் எழுதாமல் விட்டது அந்த நாலு இலக்கம் மட்டும்தான். இன்றும் மறக்கவில்லை.