ஒரு நிமிடத்தில் கழற்றுகிறவர்

மனிதர்களில் 'ஒரு நிமிஷத்துல கழட்டிடலாம்' என்றொரு இனம் உண்டு. கழற்ற வேண்டிய அவசியமே இல்லாத பொருளைச் சுலபமாகக் கழற்ற வழி தேடியே ஆயுளைக் கழிப்பவர்கள். எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? எங்கள் தெருவுக்கு வாருங்கள். மூன்றாவது வீட்டு வாசலில், பைக்குக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவர்தான்.

அந்த பைக்கோடு ஒற்றைச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு ஓடும் சைட்கார் பெட்டியில்தான் அவர் மனைவி தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போவார், ஓவிய ஆசிரியை. ஆறு வருடமாக அந்தப் பெட்டி பைக்கை விட்டுப் பிரிந்ததே இல்லை. ஆனாலும் நம்மவருக்கு ஒரு கவலை: பிரிக்க நேர்ந்தால்? பெட்டியின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயைக் கழற்றினால் ஆயில் கொட்டும், திரும்ப மாட்டினால் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். யோசித்து யோசித்து, இழுத்தால் கழன்று அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் பித்தளை இணைப்பு ஒன்றை வரவழைத்து, குழாயை நடுவில் வெட்டி, அவரே பொருத்தினார். மெக்கானிக்கைக் கேட்கவில்லை. கேட்கிறவர்களை இந்த இனத்தில் சேர்ப்பதில்லை.

அதன்பின் தெருவில் யாருக்கும் நிம்மதியில்லை. தபால்காரர், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர், துக்கம் விசாரிக்க வந்த சித்தப்பா என்று எல்லோரையும் நிறுத்தி வைத்துக் கழற்றிக் காட்டினார், மாட்டிக் காட்டினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை பாருங்கள் என்றார். பார்த்தோம். வேறு வழி?

ஒரு திங்கட்கிழமை காலை, மனைவி பெட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும், எதிர்வீட்டு மாப்பிள்ளைக்கு ஒருமுறை காட்டிவிட்டு அவசரமாக மாட்டினார். பாதிதான் மாட்டியது. இணைப்பு முழுதாகச் சேராவிட்டால் உள்ளே ஆயில் போக வழி திறக்காது. பெட்டிச் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. நாற்சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்ததும் மிதித்தார். பைக் நிற்கப் பார்த்தது. பெட்டி போகப் பார்த்தது. இரண்டுமாகச் சேர்ந்து ஒரு பக்கமாகத் திரும்பி, எதிரே வந்த லாரிக்கு ஒரு முழம் தள்ளிக் கடந்து, மெத்தைக் கடை வாசலில் அடுக்கியிருந்த மெத்தைகளில் போய்ப் புதைந்தன.

அந்த அம்மாவுக்குக் கீறல் இல்லை. நம்மவரும் பயந்துதான் போயிருந்தார். ஆனால் இந்த இனத்துக்குப் பயம் வந்தால் விளக்கமாகத்தான் வெளியே வரும். தூசி செய்த வேலை, இணைப்பின்மேல் குற்றமில்லை என்றார். சாயங்காலம் துடைத்து மாட்டிவிட்டு, இனி யானை வந்து இழுத்தாலும் அசையாது என்றார்.

கல்யாணத்துக்கு முன்பே பைக் ஓட்டியவர் அந்த அம்மா. சாவியை வாங்கிக்கொண்டார்.

"சரி. நீங்க பெட்டியில உட்காருங்க. நான் ஓட்டறேன்."

அவர் உட்கார்ந்தார். இருக்கை இவ்வளவு தாழ்வு என்பதும், அங்கிருந்து பார்த்தால் லாரியின் சக்கரம் முகத்துக்கு நேரே வரும் என்பதும் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"மெக்கானிக்கை ஒருவாட்டி பார்க்கச் சொல்லலாமே," என்றார் மெதுவாக.

"என்னை உட்கார வச்சப்ப இது தோணலையே?"

மறுநாள் மெக்கானிக் வந்து, இணைப்பை எடுத்தெறிந்துவிட்டு ஒரே குழாயாகப் போட்டுக் கொடுத்தார். ஒன்றரை மணி நேர வேலை. இப்போது அந்த அம்மாதான் ஓட்டுகிறார். அவர் பெட்டியில், விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டரை நீங்களே சரிசெய்தீர்களாமே, அதில் முதலில் குளித்தது யார்?