இரண்டடிக்கு ஓர் இரும்புப் பட்டை

இந்த வீட்டில் ஒரே ஒரு முடிவையாவது நானாக எடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று தீர்மானித்தேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷம். குடியிருக்கும் வீடு, மகள் படிக்கும் பள்ளிக்கூடம், என் மீசையின் அகலம், எல்லாம் என் மனைவியின் முடிவு. எதையும் அவள் சண்டை போட்டு வாங்கியதில்லை. "உங்க இஷ்டம்" என்பாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் என் இஷ்டம் எங்கே போனது என்று நானே தேடிக்கொண்டிருப்பேன்.

எனக்கு அச்சகத்தில் இரவு வேலை. பகலில்தான் தூக்கம். மாடியில் மேற்குப் பார்த்து இரண்டு அறைகள் உண்டு. ஒன்றில் நான் தூங்குகிறேன், சரியாகச் சொன்னால் தூங்கப் பார்க்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு வெயில் அந்தச் சுவரைப் பிடித்ததென்றால் அறை அடுப்புதான். பக்கத்து அறை விருந்தாளிக்கு. எங்களுக்கு விருந்தாளி என்று இருப்பது ஒரே ஆள், அவளுடைய அண்ணன்.

மச்சானுக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் இன்ஸ்பெக்டர். அவர் எந்த இலாகாவிலும் இன்ஸ்பெக்டராக இருந்ததில்லை. அது பிறவிக் குணம். தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பார், குழாயைத் திருகிப் பார்ப்பார், நான் படுத்திருக்கும் விதத்தில் குற்றம் கண்டுபிடிப்பார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "தூங்குறீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்பார். இல்லை என்று நான் சொல்லும்வரை கேட்பார். போன கோடையில் இரண்டு மாதம் தங்குவதாக வந்தவர், அந்த அறையின் வெக்கை தாங்காமல் நாலே நாளில் பெட்டியைக் கட்டினார். வெயிலை அன்றைக்குத்தான் மனதாரக் கும்பிட்டேன்.

அவள் அதை மறக்கவில்லை. இந்த வருஷம் மாடியின் மேற்குச் சுவருக்கு வெளிப்பக்கம் ஃபோம் பலகை வைத்து, அதன்மேல் தகடு போட்டுவிட வேண்டும், சூடு உள்ளே வராது என்றாள். "அண்ணன் பாவம்" என்றாள். பதினேழு வருஷமாக அதே வெக்கையில் வெந்துகொண்டிருக்கும் எனக்கு அந்தப் பாவம் ஒரு நாளும் கிடைத்ததில்லை.

மேஸ்திரி வந்தபோது அவள் கடைக்குப் போயிருந்தாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். பலகை எதுவானாலும் சரி, மேல் தகட்டைத் தாங்க எந்த ஃப்ரேம் என்பதுதான் விஷயம் என்றார்.

"ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, மேலேருந்து கீழ வரைக்கும் இரும்புப் பட்டை. ரெண்டடிக்கு ஒண்ணு சுவத்துல முடுக்கி, இடையில பலகையைச் சொருகிடலாம். ஆனா பட்டை வர்ற இடத்துலெல்லாம் பலகை அறுபட்டுப் போகும். இரும்பு வெளிச் சூட்டை அப்படியே உள்ள கொண்டாந்து விட்டுடும். பலகை போட்டதுல பாதி வீண்."

"இன்னொரு வழி?"

"சூடு கடத்தாத பிளாஸ்டிக் கிளிப். அங்கங்க ஒண்ணு வெச்சா போதும், நம்ம தகட்டைத் தாங்கும். பலகை விடாம ஓடும், ரூம் ஜில்லுனு இருக்கும். என்னைக் கேட்டா கிளிப்தான் சார்."

பாதி வீண். என் காதில் தேன் வந்து பாய்ந்தது. பதினேழு வருஷத்தில் முதல்முறையாக என் மூளை என் மனைவியை முந்திக்கொண்டு ஓடியது. என் அறைக்குக் கிளிப், விருந்தாளி அறைக்கு இரும்பு என்றேன். மேஸ்திரி இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரே சுவரில் இரண்டு விதமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

அவள் வந்து பையை இறக்கி வைப்பதற்குள் விஷயத்தைச் சொன்னேன். "அண்ணன் ரூமுக்கு இரும்பு ஃப்ரேம் சொல்லிட்டேன். இருக்குறதுலயே அதுதான் உறுதி. புயலே அடிச்சாலும் அசையாது."

"உங்க ரூமுக்கு?"

"எனக்கு எதுக்கு அதெல்லாம்? பிளாஸ்டிக் போதும். நான் வீட்டு ஆளுதானே."

பையை இறக்கி வைத்தாள். "உங்க இஷ்டம்" என்றாள்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

எட்டு நாளில் வேலை முடிந்தது. நடுவில் ஒரு நாள் அவள் மேஸ்திரிக்கு டீ கொடுத்துவிட்டு, சுவரைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டு நின்றாள். சிமெண்டுத் தூளைக் கூட்டிவிட்டுப் போகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வேலை முடிந்த அன்று மதியம் இரண்டு அறைச் சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். விருந்தாளி அறையில் ஒரு கோடு சுட்டது, பிறகு சுடவில்லை, இரண்டடி தள்ளி மறுபடியும் சுட்டது. என் அறைச் சுவர் முழுக்கக் குளுமை. அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். அப்படிப் பதினோரு நாள் தூங்கினேன். என் வாழ்க்கையில் நல்ல காலம் என்றால் அந்தப் பதினோரு நாள்தான்.

பன்னிரண்டாம் நாள் மச்சான் மூன்று பெட்டியோடு வந்து இறங்கினார். நானே பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். முகத்தில் சிரிப்பு தன்னால் வந்தது. படி முடியும் இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த ரூம் இல்லைங்க. அண்ணன் உங்க ரூம்ல இருக்கட்டும்."

"ஏன்?"

"வீட்டுக்குப் பெரியவருக்கு பிளாஸ்டிக், வந்தவங்களுக்கு இரும்பா? கேட்டதுலேருந்து அண்ணனுக்கு மனசே ஆறல. உறுதியான ரூம் உங்களுக்குத்தான்னு சொல்லிட்டாரு."

பின்னாலிருந்து என் தோளில் கை விழுந்தது. "தங்கச்சி ஃபோன்ல எல்லாத்தையும் சொன்னா, மாப்பிள்ளை. கண்ணு கலங்கிடுச்சு. இவ்வளவு பெரிய மனசை நான் பார்த்ததில்ல. ஆனா எனக்கு அது வேணாம்."

நான் என்ன சொல்ல முடியும்? அந்த இரும்பு சூட்டை உள்ளே விடும், நீங்கள் நாலு நாளில் ஓடிப்போக வேண்டும் என்றுதான் போட்டேன் என்றா? பெட்டியை என் அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். என் கட்டில் ஏற்கெனவே இடம் மாறியிருந்தது. தலையணைக்கு உறைகூட மாற்றியிருந்தாள்.

ஒரு மாதம் ஆகிறது. நான் வெந்துகொண்டிருக்கிறேன். மச்சான் பக்கத்து அறையில் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். அந்தக் குறட்டை சுவரைத் தாண்டி வருகிறது, அதைத் தடுக்க எந்தப் பலகையும் போடவில்லை. நாலு மணிக்குத் தெளிவாக எழுந்து வந்து, "தூங்குறீங்களா மாப்பிள்ளை?" என்கிறார். இப்படி ஒரு அறையில் தான் தங்கியதே இல்லையாம், மழைக்காலம் வரை இருக்கப்போகிறாராம். வேலை செய்யும் இடத்தில் நான் மிஷின் முன்னால் நின்றபடியே தூங்கிவிழுகிறேன். இன்னொரு தரம் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்துதான் என்ன செய்யப்போகிறேன்.

நேற்று மதியம் படுக்க முடியாமல் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். என் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை நேராக ஒரு சிவப்புக் கோடு. பதினேழு வருஷத்தில் முதல்முறையாக என்னைப் 'பாவம்' என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"பட்டை மேல சாயாதீங்க. ரெண்டடிக்கு ஒண்ணுதான் இருக்கு, நடுவுல சாஞ்சுக்கோங்க" என்றாள். "மேஸ்திரி அன்னிக்கே சொன்னாரு."