கருணைத் திருநாள்

ஏழுமடை நாட்டுக்கு இருந்தது ஒரே ஓர் ஏரி. குடிக்கவும் அதுதான், பிழைக்கவும் அதுதான்.

அரண்மனைக் கண்ணாடித் தொட்டியில் பாசியைத் தின்பதற்கென்று கடல் கடந்து சில துப்புரவு மீன்கள் வந்தன. உடம்பெல்லாம் ஓடும் முள்ளுமாக வளர்ந்து, தொட்டி கொள்ளாமல் போயின. வளர்த்த மீனைக் கொல்வது அந்நாட்டில் பாவம். ஆகவே மன்னர் மேளதாளத்துடன் அவற்றை ஏரியில் விட்டார். அந்த நாளுக்குக் கருணைத் திருநாள் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டிலிருந்து, வீட்டில் தொட்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு குடத்துடன் வந்து புண்ணியம் தேடிக்கொண்டார்கள்.

மீன் பிடித்துப் பிழைத்த சடைச்சி, கிழிந்த வலையுடன் சபைக்குப் போனாள்.

"சாமி, அந்த முள்ளு மீனு வலையப் பூரா கிழிக்குது. விராலு முட்டைய விட்டு வைக்க மாட்டேங்குது. அத வாங்கவும் ஆளில்ல. எம்புள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க."

அமைச்சர் நன்மொழியார் தொண்டையைச் செருமினார். "மன்னரின் கருணையையா முள் என்கிறாய்? கிழிந்தது வலையின் குற்றம். இன்றுமுதல் ஏரியில் வலை வீசத் தடை விதிக்கிறோம்."

அப்புறம் கேட்க வேண்டுமா? துப்புரவு மீன்கள் கரையைக் குடைந்து குடைந்து முட்டையிட்டன. கரை சரிந்து வயல்கள் முழுகின. கடல் கடந்து வந்த அந்நிய மீன்தான் காரணம் என்று ஊர் முணுமுணுத்தது. அது சபையின் காதுக்கும் எட்டியது.

"அந்நிய மீனை ஒழித்தே தீருவோம். ஏரியில் எது அதிகமோ அதுவே மண்ணின் மீன். மற்றவை அந்நியம். அந்நிய மீனை ஏரியில் விடுவது ராஜத்துரோகம்" என்றார் நன்மொழியார். சபையில் ஏரிக்குள் கால் நனைத்தவர் ஒருவருமில்லை. சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. சேவகர்கள் எண்ணினார்கள். துப்புரவு மீனே வென்றது.

சடைச்சி தன் குடிசைப் பானையில் ஒரு சோடி விராலைக் காப்பாற்றி வைத்திருந்தாள். அடுத்த திருநாளன்று கூட்டத்தோடு கூட்டமாகப் பானையைச் சுமந்து வந்தாள். சேவகர்கள் கையைப் பிடித்தார்கள்.

"எல்லாரும் விடுறாங்களே ஐயா! இது இந்த ஏரில பொறந்ததுய்யா!"

அவளைச் சிறைக்கு இழுத்துப் போனார்கள். விராலை யாரும் கொல்லவில்லை, அது பாவமல்லவா? பானையை வெயிலில், கரைமேல் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். இதையும் கருணை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்று மாலையே, ஏரியில் மீன் எண்ணிய அதே சேவகர்கள் சடைச்சியின் குப்பத்துக்குள் நுழைந்து மனிதர்களை எண்ணத் தொடங்கினார்கள்.