எனக்குப் பிறந்த பத்துக் கிலோ மகன்

இரண்டே நாளில் கைக்குப் பலம் ஏற்றிவிடலாம் என்று நான் நம்பினேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. (அறிவியல் வாத்தியார் வேறு.)

மகள் தன் குழந்தைக்குக் காரைக்குடி மாதா கோயிலில் ஞானஸ்நானம் வைத்திருந்தாள். வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை பேத்தியைத் தூக்கி வருவது தாத்தா பொறுப்பு. ஆஸ்பத்திரியில் முதன்முதலாக அவளைத் தூக்கியபோது என் கை நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்து நர்ஸே பிடுங்கிக்கொண்டார். ஊர் பார்க்க அது மறுபடி நடந்தால்? ஞாயிறு விசேஷம். வெள்ளிக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து விளையாட்டுச் சாமான் கடையில் நின்றேன்.

"டம்பெல் யாருக்குண்ணே?" என்றார் கடைக்காரர், என் தொப்பையைப் பார்த்தபடி.

"மகனுக்கு." (எனக்கு மகன் கிடையாது. ஒரே மகள்.)

"ஜிம்முக்குப் போன உடம்பா?"

"மூணு வருசமாப் போறான்." பிறந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் பிள்ளையைப் பற்றிப் பெருமை.

"அப்ப ரெண்டு கிலோ, மூணு கிலோவெல்லாம் அவருக்குக் காணாதுண்ணே. பத்துப் பத்தாக் கொண்டு போங்க."

எனக்கு ரெண்டு கிலோ போதும் என்று சொல்ல வாய் வரை வந்தது. மகன் மானம் தடுத்தது. ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு அனுப்பிருங்க" என்றேன்.

மதியம் அவரே வண்டியில் கொண்டுவந்தார். கதவைத் திறந்தது என் மனைவி ஜெசிந்தா.

"அக்கா, உங்க மகன் கேட்ட டம்பெல்."

"எந்த மகன்?"

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் இருபத்தெட்டு வருஷ இல்லறம் ஓர் ஆட்டம் ஆடி நின்றது. உண்மையைக் கக்கினேன். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த மூஞ்சிக்கு ரெண்டாவது குடும்பம் வேறயான்னு பயந்தே போனேன்!"

அன்றும் மறுநாளும் தம் பிடித்துத் தூக்கினேன். ஞாயிறு காலை எழுந்தால், இரண்டு முழங்கையும் மடங்கியபடியே நின்றன. நீட்ட வரவில்லை.

"ஜெசி! இடது கை வலிக்குது. மாரடைப்பு!"

"வலது கை?"

"அதுவுந்தான்."

"ரெண்டு பக்கமுமா இதயம் வச்சிருக்கீக? எந்திரிங்க."

சட்டைப் பொத்தானை அவளே போட்டாள். தலையையும் வாரிவிட்டாள்.

"பிள்ளைய நீயே தூக்கிக்க, ஜெசி," என்றேன்.

"சும்மா இருங்க. கை ரெண்டும் தொட்டில் மாதிரித்தான இருக்கு? நீங்க ஒண்ணும் தூக்க வேணாம். நான் வச்சு விடுறேன்."

கோயில் வாசலில் வைத்துவிட்டாள். நடந்தோம். தாத்தா கை கொஞ்சங்கூட ஆடவில்லையே என்று உறவெல்லாம் மெச்சியது. மகள் இன்றைக்கும் போனில், "தம்பி எப்படிப்பா இருக்கான்?" என்றுதான் ஆரம்பிக்கிறாள். (கட்டிலுக்கடியில் சுகமாக இருக்கிறான்.)

நடந்தது இவ்வளவுதான்: என் முழங்கைக்குக் கீழே, முந்தானை மறைவில், ஜெசிந்தாவின் கை இருந்தது. தொட்டி வரை பேத்தியைத் தூக்கி வந்தது அவள்.